நிலா மார்க்

துணி சோப்புக்கு நீல உறைதான் பொருத்தம். நீலம் போட்டு வேட்டி அலசிப் பழகிய கண்ணுக்கு, நீலத்தைப் பார்த்த மாத்திரத்தில் சுத்தம் என்று படும். மஞ்சள் உறை போட்டால் முகத்துக்குப் போடுகிற சோப்பு என்று நினைப்பார்கள். சிவப்பு போட்டால் தீப்பெட்டி ஞாபகம் வரும்.

தொழில் புத்தி, மன்னிக்க வேண்டும். என் பெயர் பஞ்சாபகேசன். மாதுங்காவில் பஞ்சு என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பரேலில் ஒரு கல்லச்சுக் கம்பெனியில், லித்தோ என்பார்களே, அதில் லேபிள் வரைகிறேன். வெளி ஆர்டர்களை வீட்டில் வைத்து வரைவேன். தலைவலித் தைலம், மூக்குப்பொடி, அப்பளம், அரையணா பிஸ்கோத்து என்று இந்த வட்டாரக் கடைகளில் நீங்கள் கைநீட்டி வாங்குகிற பாதிச் சாமான் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஸ்டேஷனில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இன்ஸ்பெக்டராக வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். என் மராத்தி மார்க்கெட்டுக்குப் போதும். இதற்குப் போதாது.

தாராவியில் போன செப்டம்பரில் எரிந்த சோப்புக் கொட்டகை விஷயமாக வந்திருக்கிறேன்.

அது ஜெயினுலாப்தீனுடையது. மேலப்பாளையத்துக்காரர். தோல் மண்டியில் வேலை பார்க்க பம்பாய் வந்தவர். கையில் ஏறிய தோல் நாற்றம் போகத் தேய்த்துத் தேய்த்தே சோப்பின் மேல் ஆசை வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, நல்ல சோப்புக்கு ஊரே தவித்த சமயத்தில், தாராவியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் காய்ச்சி, தாமே சோப்பு வார்க்க ஆரம்பித்தார். மனைவி மெஹராஜ் பக்கத்திலிருந்து பக்குவம் பார்ப்பாள். ஊர்க்காரப் பெண் ஒருத்தி, இசக்கி என்று பெயர், கட்டிகளை அறுத்து முத்திரை அடிப்பாள்.

முத்திரைக்குப் படம் கேட்டு அவர் என்னிடம் வந்தார். நான் நான்கைந்து வரைந்து பார்த்துவிட்டு, நீலத்தின் மேல் வெள்ளையாக ஒரு பிறையை வைத்தேன். அதைவிடச் சுலபமான படம் உலகத்தில் இல்லை. எழுத்துத் தெரியாதவளும் கேட்டு வாங்கலாம். சோப்பில் அழுத்தினால் கடைசிச் சில்லு வரை தெரியும். அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பெறை வேண்டாம் அய்யரே," என்றார். "அது பள்ளிவாசல் உச்சியில இருக்கட்டும். இது கால்ல மிதிபட்டு சாக்கடையில போற சாமான். எங்க ஆளுகளே ஏசுவாக. மயிலு போடுங்க, தாமர போடுங்க, எதுன்னாலும் சரி."

"பாய், இது உங்க பெறை இல்லை," என்றேன். "ஆகாசத்துல இருக்கற சந்திரன். பரமசிவன் தலையிலயும் இதுதான் இருக்கு. கொழந்தைக்கு சாதம் ஊட்டறச்சே காட்டறதும் இதுதான். யாருக்கும் சொந்தமில்லாத படம் இது ஒண்ணுதான்."

அவர் யோசித்தார். பிறகு, "நீங்க படிச்சவுக, தெரியாமலா சொல்லுவீக," என்று ஒப்புக்கொண்டார். பெயரை மட்டும் பிறை என்று வைக்காமல் நிலா மார்க் என்று வைக்கச் சொன்னார். அப்படியே வைத்தோம்.

அது எப்படி ஓடியது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாராவித் தெருக்களில் திருநெல்வேலிப் பெண்கள் நிலா சோப்பு என்று கேட்டார்கள். மராத்திப் பெண்கள் சாந்த் சாபண் என்றார்கள். மாதுங்காவில் எங்கள் ஜனங்கள், ஆசாரம் பார்க்கிற மடிசார் மாமிகள்கூட, மடித் துணி துவைக்க அதைத்தான் வாங்கினார்கள். மிருகக் கொழுப்பு சேராத எண்ணெய்ச் சோப்பு என்று பெயர். என் மனைவி ருக்குவும் அதைத்தான் வாங்கினாள். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வரைந்திருக்கிறேன். தெருவில் போகும்போது துணி வாளியிலிருந்துகூட என்னைப் பார்த்துச் சிரித்த படம் அது ஒன்றுதான்.

போன வருஷம் ஜூலையில் கொடி முடிவாயிற்று. அன்றிலிருந்து என் கைக்கு ஓய்வில்லை. தைலக்காரர் வந்தார், பொடிக்காரர் வந்தார், வளையல் பெட்டிக்காரர் வந்தார். எல்லோருக்கும் கொடி வேண்டும். இருந்த ராட்டையை அழித்துச் சக்கரம் போட வேண்டும். தம் படத்துக்குப் பின்னால் கொடி பறக்க வேண்டும் என்று ஒரு மூலம் வைத்தியர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். தேசத்துக்குப் புதுச் சட்டை தைக்கிற தையற்காரன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் என் நடைகூட மாறியிருந்தது என்று ருக்கு சொல்வாள்.

அந்த வரிசையில் கணேசபாண்டியனும் வந்தார். தாராவியில் மளிகை மண்டி வைத்திருக்கிறவர். அவரும் சோப்புப் போட ஆரம்பித்திருந்தார். சுதந்திரா சோப்பு என்று பெயர் வைத்து, உறை நிறையக் கொடியை வரைந்து கொடுத்தேன். ஆகஸ்டு பதினைந்துக்குக் கடைகளில் அடுக்கினார்கள். அடுக்கியது அடுக்கியபடியே இருந்தது. கொடியைக் கட்டியில் முத்திரை போட்டிருந்தோம். அதைக் கல்லில் வைத்துத் தேய்க்கப் பெண்களுக்குக் கை வரவில்லை. சாக்கடையில் போகிற நுரையில் கொடி கரைவதா என்று கேட்டார்களாம். படிக்காத பெண்களுக்கும் ஜெயினுலாப்தீனுக்கும் முதலிலேயே தெரிந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

கணேசபாண்டியன் மறுபடி வந்தார். "நிலாவ விட்டு வரமாட்டேங்காளுவ அய்யரே," என்றார். "நீரு போட்டுக் குடுத்த நிலாதானே அது. இப்ப அவளுகள நம்ம பக்கம் திருப்புத மாதிரி ஒரு போஸ்டர் போட்டுத் தாரும்."

போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் போஸ்டரைக் கேஸ் கட்டில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் கொடி. வலது பக்கம் பிறை. இரண்டும் ஒரே அளவு. கீழே தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒரே வரி: உங்கள் வீட்டில் எந்தக் கொடி? சோப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தேவைப்படவில்லை. வாங்குகிறவள் கையில் இருப்பது என்ன என்று அவளுக்கே தெரியும். பஞ்சாபிலிருந்து தினம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த செய்திகள் மிச்சத்தைச் சொல்லிக்கொள்ளும். கோலிவாடாப் பக்கம் அகதிகள் வந்து இறங்க ஆரம்பித்திருந்த சமயம். ஊர் காய்ந்த ஓலையாகக் கிடந்தது என்பதை எல்லோரையும்போல நானும் அறிந்திருந்தேன்.

இன்னும் சரியாகச் சொல்ல வேண்டும். நிலா மார்க் உறை நீலம். போஸ்டரில் பிறைக்குப் பின்னால் நான் பச்சை கொடுத்தேன். நிலா மார்க்கில் பிறை தனியாக இருக்கும். போஸ்டரில் அதன் மடியில் ஒரு நட்சத்திரம் வைத்தேன். இவை இரண்டும் சேர்ந்தால் அது சோப்பு முத்திரை இல்லை. அது என்னவாகும் என்று கொடி வரைந்தே அந்த வருஷத்தை ஓட்டியவனுக்குத் தெரியாமல் இருக்காது.

கணேசபாண்டியன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே சந்தோஷப்படவில்லை. "கொஞ்சம் சூடா இருக்கே. வம்பு தும்பு ஒண்ணும் வராதுல்லா?" என்றார். "போஸ்டர்னா கண்ணை இழுக்கணும்," என்று நான் சொன்னேன். அவர் வியாபாரி. நிபுணன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு போனார். இதை அவருக்காகச் சொல்ல வேண்டும்: நட்சத்திரமும் பச்சையும் அவர் கேட்டவை இல்லை. அந்த வரியும் அவருடையதில்லை. அப்போது ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அய்யர்தான் போட்டார் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் கம்பெனிக் கல்லில் அதை அடிக்கவில்லை. கிர்காமில் வேறோர் அச்சகத்தில் கொடுத்தேன். என் படங்களின் மூலையில் எள் அளவுக்கு ஒரு 'ப' இருக்கும். அதில் போடவில்லை. வியாபாரப் போட்டி, அவ்வளவுதான் என்று அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியானால் 'ப' எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

போஸ்டர் ஒட்டின இரண்டாம் நாள் ருக்கு மார்க்கெட்டிலிருந்து வந்தாள். காய்கறிப் பையை இறக்கி வைத்தவள் நேரே குளியலறைக்குப் போய், ஈரச் சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஏன்னா, இதுல நட்சத்திரம் எப்போ வந்தது?"

"எதுல?"

"செவுத்துல ஒட்டியிருக்காளே, அதுல. நம்மாத்து சோப்புல இல்லையே. நான் தினம் தேய்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

போஸ்டரில் கொஞ்சம் அப்படி இப்படி வரைவது சகஜம் என்றேன். அவள் சோப்பைப் பார்த்தாள். என் மேஜையில் காய்ந்துபோயிருந்த பச்சைக் கிண்ணத்தைப் பார்த்தாள். சோப்பை அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கொட்டகை எரிந்தது அந்த வாரம், நல்ல மத்தியான வேளையில். எனக்கு அன்று லீவு. மாதுங்கா ரயில் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தபோது தாராவிப் பக்கம் புகை எழுந்தது. முதலில் தோல் கிடங்கு என்று நினைத்தேன். பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியது. தேங்காயெண்ணெய் காய்கிற வாசனை. கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு வாசனை மாதிரி இருந்தது. எனக்குப் பசித்தது. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் வந்தேன். சொல்லிவிட்டேன்.

அங்கே நடந்ததை எதிரில் டீக்கடை வைத்திருக்கும் நயினார் சொல்லித் தெரிந்துகொண்டேன். வந்தவர்கள் தெருக்காரர்கள் இல்லை. நாற்பது ஐம்பது பேர். முன்னால் வந்தவன் சுவரிலிருந்து கிழித்த போஸ்டரைக் கம்பு நுனியில் குத்தி வைத்திருந்தான். பாகிஸ்தான் சோப்பு என்று கத்தினார்களாம். என் வரி அவர்களுக்கு நீளமாக இருந்திருக்க வேண்டும், சுருக்கிக்கொண்டார்கள். உறைக் கட்டுகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள், நெருப்பு கொட்டகைக்கும் தாவியது. ஜெயினுலாப்தீன் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். மெஹராஜ் அன்று வீட்டில். எண்ணெய் டிரம் ஒன்று பற்றிக்கொண்ட பிறகுதான், இசக்கி உள்ளே மாட்டிக்கொண்டது தெரிந்திருக்கிறது. அவர் திரும்ப உள்ளே போனார். நயினார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாராம். சட்டை கிழிந்து கையோடு வந்ததாம்.

இரண்டு பேரும் வரவில்லை.

இசக்கியின் புருஷன் ஊரில் ஆறுமுகநேரி உப்பளத்துக்காரன் என்று சொன்னார்கள். தகவல் போய் அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எந்த நெருப்பு எந்தச் சாமிக்கு என்று அந்தக் கொட்டகைக்குள் யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் நாலு பேரைப் பிடித்து, சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார். நீங்கள் இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். படம் வரைந்ததற்கு எந்தச் செக்ஷனும் இல்லை என்கிறீர்கள். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்கிறீர்கள். நல்ல மனுஷர் நீங்கள். என்னை ஏதோ மனசாட்சி உறுத்துகிற சாதுப் பிராமணன் என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து பேனாவைத் திறந்துகொள்ளுங்கள்.

நான் எந்த மதத்தாரையும் வெறுத்தவனில்லை. கணேசபாண்டியன் கொடுத்தது வழக்கமான கூலிதான், அதற்காகவும் இல்லை. காரணம் வேறு. சொல்ல நாக்கூசுகிறது, அத்தனை சின்னது.

அதற்கு முந்தின மாசி மாதம், மாதுங்கா மார்க்கெட்டில் ஒரு கடை முன்னால் ஜெயினுலாப்தீனும் நானும் நின்றிருந்தோம். கடைக்காரர் எங்கள் ஜனம், கல்பாத்திக்காரர். நிலா மார்க் பெட்டியைக் காட்டி, "பஞ்சு, இந்தப் படத்துக்காகவே போறது ஓய், படம்னா இதுன்னா படம்," என்றார். நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜெயினுலாப்தீன் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, அவருக்கு அது வராது.

"படத்தையா சாமி துணிக்குப் போட்டுத் தேய்க்காக?" என்றார். "சரக்கு நல்லாருந்தா கழுத படம் போட்டாலும் விக்கும். படத்தால என்ன ஆகப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. படத்தால் என்ன ஆகும் என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன் என்று சொன்னால் அது பொய். முடிவெல்லாம் செய்யவில்லை. ஆனால் ஆகஸ்டில் தூரிகையைப் பச்சையில் தோய்த்தபோது, கண்முன் நின்றவர் கணேசபாண்டியன் இல்லை. வாங்குகிற பெண்களும் இல்லை.

எரிந்த பிறகு அவர்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை. ருக்கு மட்டும் போய்வந்தாள். எங்கள் வீட்டில் இப்போது வேறு சோப்பு. அதன் உறையை அவளே கடையில் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறாள்.

போன வாரம் மெஹராஜ் என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைத் துணியை முக்காடாகப் போட்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஊருக்குப் போகப்போவதில்லை, தம்பியை வைத்துக்கொண்டு மறுபடி சோப்பு வார்க்கப் போகிறேன் என்றாள். பக்குவம் தனக்குத் தெரியும், அவர் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றாள்.

"மார்க்கு மட்டும் வேணும் அய்யரே. அப்பமும் நீங்கதான் போட்டுக் குடுத்திய. இப்பமும் நீங்களே போட்டுத் தாங்க. யாரும் எரிக்காத படமா ஒண்ணு போட்டுத் தாங்க."

ருக்கு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கிறாள் என்பது எனக்கு முதுகில் தெரிந்தது. நான் மெஹராஜிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடம்தான் அதற்கான இடம். அதற்குப் பதிலாக, இத்தனை நாளும் எனக்குள் புழுவாக நெளிந்துகொண்டிருந்த ஒன்றைக் கேட்டேன். அந்தப் போஸ்டரை அவர் பார்த்தாரா என்று கேட்டேன்.

"பாத்தாவ," என்றாள். "மொத நாளே மதில்ல பாத்துட்டு வந்து சொன்னாவ. சோறு வச்சேன், திங்கல. 'மெஹராஜு, கோடு வளைஞ்சிருக்கத பாத்தா நம்ம அய்யரு கை மாதிரியே இருக்கு. வேற எவனுக்கும் அந்த வளைசல் வராது'ன்னாவ. நான் பதறிப்போனேன். அப்புறம் அவுகளே, 'சே, அவுக போடமாட்டாவ, எவனோ பாத்து வரைஞ்சிருக்கான்'னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாவ."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். ருக்குவும் அழுதாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அய்யருக்கும் துக்கம் தாங்கவில்லை என்று மெஹராஜ் நினைத்துக்கொண்டாள். படத்துக்கு அவசரமில்லை, மெதுவாகப் போட்டுக் கொடுங்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு வந்தது துக்கம் இல்லை. எதற்குச் செக்ஷன் இல்லை என்று நீங்கள் சொன்னீர்களோ அதை விட்டுவிடுங்கள், இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடாத படத்திலும் என் கையை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்று கேட்டதும், அந்தப் பெண் என் முன்னால் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே, எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம்.